வியாழக்கிழமை ராஜினாமா

அந்தப் பெட்டியை வெளியில தூக்கிட்டு வந்தவ நான்தான். வேற யாராவது சொல்லி நீங்க கேக்குறதுக்கு முன்னால நானே சொல்லிடுறேன். போர்ட் சயீத் தொழிற்பேட்டையில அவாதிஃப் யாருன்னு விசாரிச்சா, "ஓ, பெட்டி தூக்கினவளா"ன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். என் மேல எனக்கே இருக்கிற ஆத்திரத்துல கால்வாசி கூட அவங்களுக்கு வராது.

நான் சட்டைக்குக் காலர் தைக்கிறவ. பதினோரு வருஷமா காலர் மட்டும்தான். முழுச் சட்டை தைன்னு சொன்னா இன்னிக்கும் எனக்குத் தெரியாது. ஏரிக்கரை மத்தரிய்யாவுலேர்ந்து இருட்டு பிரியறதுக்குள்ள கம்பெனி பஸ் ஏறி வர்ற அறுபத்தி நாலு பொம்பளைங்கள்ல நானும் ஒருத்தி. ரெண்டாவது மாடியில எங்க ஹால். உள்ள நுழையும்போதே போனை வாங்கி ஒரு சாம்பல் கலர் இரும்புப் பெட்டியில போட்டுப் பூட்டி, ஆபீஸ் ரூம்ல வச்சிடுவாங்க. கையில போன் இருந்தா தையல் கோணுமாம். இதைக் கண்டுபிடிச்சவர் ராகிப். ஆளை எடுக்கிறது, ஆளை அனுப்புறது எல்லாம் அவர்தான். 'உஸ்தாஸ்'னு மரியாதை சேர்த்துக் கூப்பிடலேன்னா அவருக்குக் காதே கேக்காது.

தீப்பிடிச்சது ஒரு சனிக்கிழமை. வெள்ளி லீவு முடிஞ்சு வாரத்தோட முதல் நாள். அயர்ன் பண்ற மூலையில ஒரு வயர் ரெண்டு மாசமா சுட்டுக்கிட்டு இருந்துது. அங்க வேலை பார்த்தவ இன்ஷிராஹ். என் தெருக்காரி, என்னைவிட ஆறு வயசு சின்னவ, வாய் மட்டும் என்னைவிடப் பெருசு. "உஸ்தாஸ், வயர் சூடாகுது, ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்க"ன்னு அவளும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தா. "அயர்ன் பாக்ஸ்னா சூடாகத்தாம்மா செய்யும்"னாரு அந்த மனுஷன். பக்கத்துல நின்ன சூப்பர்வைசர் அதுக்கு ஒரு சிரிப்பு வேற. கடைசியில இன்ஷிராஹ் ஒரு கிழிசல் துணியை எடுத்து வயர்மேல தானே சுத்திக்கிட்டா. வேற என்ன பண்ணுவா.

பத்து மணி வாக்குல அந்தத் துணி பத்திக்கிச்சு. சுத்தி அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் கவர், தைச்சு முடிச்ச சட்டைங்க குவியல் குவியலா. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஹால் முழுக்கக் கரும்புகை. வெளியில போக ரெண்டே வழி. ஒண்ணு படி, இன்னொண்ணு அவசரக் கதவு. நோன்பு மாசத்துல துணிக்கட்டு ஒண்ணு காணாமப் போச்சுன்னு அந்த அவசரக் கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தாங்க. சாவி கீழ கேட்டுல, காவக்காரர் பயூமிகிட்ட. நாங்க எல்லாரும் இருமிக்கிட்டே படி வழியா ஓடினோம். அயர்ன் மூலையிலேர்ந்து படிக்கு வரணும்னா தீயைத் தாண்டணும். இன்ஷிராஹுக்கு அந்தக் கதவை விட்டா வேற கதி இல்ல. பயூமி சாவியோட வெளிப்படி ஏறி வர்ற வரைக்கும், கொதிக்கிற இரும்புக் கதவை ரெண்டு கையாலயும் தள்ளிக்கிட்டே நின்னிருக்கா.

அந்த நேரத்துல நான் என்ன பண்ணினேன்னு கேளுங்க. படிக்கிட்ட வந்தவளுக்கு ஆபீஸ் ரூம் கதவு திறந்து கிடக்கிறது தெரிஞ்சுது. ஐயோ, எல்லாரோட போனும் உள்ள இருக்கே, வீட்டுல பிள்ளைங்க கூப்பிட்டா யாரு எடுப்பான்னு புத்தி போச்சு. முக்காட்டை மூக்குல அழுத்திக்கிட்டு உள்ள போய், கைக்குத் தட்டுப்பட்ட சாம்பல் கலர் பெட்டியை இடுப்புல வச்சுக்கிட்டு ஓடி வந்தேன். அங்க அதே மாதிரி ரெண்டு பெட்டி இருந்தது வெளியில வந்தப்புறம்தான் ஞாபகம் வந்துது. முற்றத்துல ராகிப் பெட்டியைப் பார்த்ததும் குழந்தையை வாங்குற மாதிரி வாங்கிக்கிட்டாரு. "அல்லாஹ் உன் கைக்குப் பலத்தைக் குடுக்கட்டும் அவாதிஃப்"னாரு. மூடியைத் திறந்தா உள்ள முழுக்கத் தாளு. எங்க போனெல்லாம் மேல உருகிக்கிட்டு இருந்துது.

என்ன தாளுன்னா, எங்க ராஜினாமா. வேலைக்குச் சேர்ற அன்னிக்கே ராஜினாமாக் கடிதத்துல கையெழுத்து வாங்கிடுவாங்க. தேதி போடுற இடம் மட்டும் காலியா இருக்கும். நிக்காஹ் அன்னிக்கே தலாக்கையும் எழுதி வாங்கி மாப்பிள்ளை பையில வச்சுக்கிட்ட மாதிரி. என்னிக்கு உன்னைப் பிடிக்கலையோ அன்னிக்குத் தேதியைப் போட்டுக்கலாம். எங்க பக்கம் இது ஊரறிஞ்ச சங்கதி. கையெழுத்துப் போட மாட்டேன்னா வாசலோட போக வேண்டியதுதான். அறுபத்தி நாலு பேரோட தலையெழுத்தும் அந்தத் தீயில பொசுங்கிப் போயிருக்கும். நான் இருமி இருமி அதைக் காப்பாத்திக் குடுத்திருக்கேன். என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன், வேற யாரை அடிக்க.

அஞ்சாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனா, இன்ஷிராஹ் கட்டில் பக்கத்துல ஒரு போலீஸ்காரன் நாற்காலி போட்டு உட்கார்ந்து தாமிய்யா வடை வச்ச ரொட்டி தின்னுக்கிட்டு இருந்தான். அவ ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் கட்டு. முதுகு புண்ணுனால ஒருக்களிச்சுத்தான் படுத்திருந்தா.

"இவன் எதுக்குடி இங்க?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

"எனக்குக் காவல். ஓடிடுவேனாம். எழுந்து உட்காரவே ரெண்டு நர்ஸ் வேணும், இதுல ஓட வேறயா." சிரிக்கப் பார்த்தா, முதுகு விடல. "அக்கா, நான் வியாழக்கிழமையே வேலையை விட்டுட்டேனாம். என் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுறாங்க. சனிக்கிழமை சொல்லாம கொள்ளாம உள்ள நுழைஞ்சு, டீ போட ஹீட்டர் சொருகி, நான்தான் கொளுத்திவிட்டேனாம். இங்கேர்ந்து உடம்பு சரியானதும் நேரா ஜெயிலு."

பாவிப்பய, சுட்டுக்கிட்டிருந்த வயரை மறைக்கிறதுக்கு அதைச் சொன்னவளையே குற்றவாளி ஆக்கிட்டானே.

"ஒண்ணுதான் எனக்குப் புரியல"ன்னா அவ. "அந்தத் தாளெல்லாம் ஆபீஸ் ரூம்லதானே இருந்துச்சு. ரூமே சாம்பலாச்சாம். தாளு மட்டும் எப்படி வந்துது?"

சொல்லாம இருந்திருக்கலாம். யாரோ ஒருத்தி நாளைக்குச் சொல்லத்தான் போறா. நானே சொன்னேன். போனுன்னு நெனச்சு எடுத்தேன், அது இதுவாப் போச்சுன்னு.

"நான் கதவைத் தள்ளிக்கிட்டு இருக்கும்போதா?"

"ஆமா."

"நீ போக்கா. எனக்குத் தூக்கம் வருது."

போலீஸ்காரன் ரொட்டித்தாளைக் கசக்கிக் கட்டிலுக்கு அடியில போட்டான். நான் அதைப் பொறுக்கிக் குப்பையில போட்டுட்டு வந்தேன். அதுக்குத்தான் லாயக்கு நான்.

மறுநாள் காலையில தொழிலாளர் ஆபீஸ். மூணு ஜன்னல், மூணு வரிசை, ஒவ்வொருத்தரும் அடுத்த ஜன்னலைக் கை காட்டுறாங்க. கடைசி ஜன்னல்ல இருந்தவரு நல்ல மனுஷன்தான், உட்காரச் சொன்னாரு.

"கையெழுத்து அந்தம்மாவோடதா?"

"ஆமாங்க. தேதி அவ போட்டதில்ல."

"போட்டதைப் பார்த்தீங்களா?"

"எங்க எல்லார்கிட்டயுமே அப்படித்தாங்க வாங்குறாங்க."

"எல்லா இடத்துலயும் அப்படித்தாம்மா வாங்குறாங்க. எனக்குத் தெரியாதா?" குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. "தாள்னு ஒண்ணு இருந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. இது குற்றக் கேஸ் ஆயிடுச்சு. அரசு வக்கீல் ஆபீஸ்ல போய்ச் சாட்சிக்குப் பேர் குடுங்க."

அங்கயும் போனேன். கிளார்க் என் பேரை எழுதிக்கிட்டு, "ஒருத்தி சொன்னா பத்தாது. தெருக்காரிக்கு வக்காலத்து வாங்குறான்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. சனிக்கிழமை அவ வேலையில இருந்ததைப் பார்த்தவங்க இன்னும் இருந்தாக் கூட்டிட்டு வாங்க"ன்னான். பார்த்தவங்களுக்கு என்ன பஞ்சம். அறுபது பேர் பார்த்தாங்களே.

அதுக்குள்ள கம்பெனி கீழ்த்தளத்துக் குடோனைக் காலி பண்ணி மெஷினை எல்லாம் இறக்கிடுச்சு. வெளிநாட்டு ஆர்டர், பத்து நாள்ல கப்பல் ஏத்தணுமாம். நாங்களும் வந்து உட்கார்ந்தோம். மூக்குல புகை வாசனை போகல, காலர் தைக்கிறோம். அந்தக் குடோனோட பின்கதவுலயும் சங்கிலி தொங்குது. பழைய சங்கிலியேதான், கருத்துப் போயிருந்துது.

அடுத்த வாரம் முதல் நாள் வேலை முடிஞ்சு, சாயங்காலம் பஸ்ல நடுவுல எழுந்து நின்னேன். சங்கிலியை எடுக்கணும், வயரை மாத்தணும், வேலையில இருந்தப்போதான் இன்ஷிராஹுக்குத் தீக்காயம் பட்டுதுன்னு கம்பெனி எழுதித் தரணும், அதுக்கு எல்லாரும் பேர் குடுக்க வாங்கன்னு கேட்டேன். ஒருத்தி ஜன்னல் பக்கம் பார்த்தா. ஒருத்தி புருஷனைக் கேக்கணும்னா. ஒருத்திக்குத் திடீர்னு தலைவலி. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்ல. இவளுங்களோட பதினோரு வருஷமா ஒரே தட்டுல ஃபூல் பருப்பு தின்னிருக்கேன்.

கடைசி சீட்டுலேர்ந்து நர்கிஸ் ஆரம்பிச்சா. பட்டன் தைக்கிறவ. அவ நாக்குக்கு ராகிப்பே ஒதுங்கித்தான் போவாரு. "பெட்டியைத் தூக்கும்போது எங்களைக் கேட்டுட்டா தூக்கினே? இப்ப மட்டும் அறுபது பேர் வேணுமா?"

"தப்புதான்டி. ஆயிரம் தடவை சொல்லிட்டேன். அதுக்கு அவளை ஜெயிலுக்கு அனுப்பிடலாமா?"

"என் தாளும் அந்தப் பெட்டியிலதான் இருக்கு, ராணியம்மா. உன் புண்ணியத்துல." அத்தோட முக்காட்டை இழுத்து மூடிக்கிட்டுத் தூங்குற மாதிரி நடிச்சா.

பஸ்ல பேசினது பஸ் நிக்கிறதுக்குள்ள ராகிப் காதுக்குப் போயிடும். மறுநாள் காலையில கேட்டுக்கு உள்ள மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாரு. மேஜைமேல அந்தப் பெட்டி. பக்கத்துல கணக்குப் பிள்ளை கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான்.

"சாட்சி சொல்லணும்னு சில பேருக்கு ஆசை வந்திருக்காம்"னாரு ராகிப். "ரொம்ப நல்லது. ஆனா வேலையில இல்லாதவங்க தீப்பிடிச்ச அன்னிக்கு ஹால்ல நடந்ததை எப்படிப் பார்த்திருக்க முடியும்? ஆசை இருக்கிறவங்க முன்னால வாங்க. ஆளுக்கொரு தேதி போட்டுத் தர்றேன். மத்தவங்க போய் மெஷின்ல உட்காருங்க."

பெட்டியைத் திறந்து முதல்ல என் தாளைத்தான் எடுத்தாரு. தேடவே இல்ல, தயாரா மேலயே வச்சிருந்திருக்காரு. தேதி போடுற இடத்துல தீக்கு முந்தின அந்த வியாழக்கிழமையை எழுதி, முத்திரை குத்தி, கூடவே இருந்த பிரதியிலயும் அதே தேதியைப் போட்டு என் பக்கம் நீட்டினாரு. "அவாதிஃப், பெட்டியைக் கொண்டு வந்து குடுத்தியேன்னு உனக்கு ஒரு பதவி குடுக்கணும்னு கூட நெனச்சேன்."

"அந்தப் பதவியை நீங்களே வச்சுக்கங்க. இன்ஷிராஹோட தாளை மட்டும் குடுங்க."

"அது அரசு வக்கீல்கிட்ட இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். பின்னால அறுபத்தி ரெண்டு பேர். யாரும் அசையல. பத்து எண்ணலாம், இருபது எண்ணலாம். பதினோரு வருஷத்துக்கு ஒரு தாளைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், ஒருத்தி கூட என் கண்ணைப் பார்க்க மாட்டேங்குறா. வெக்கமா இருந்துது. அவங்களுக்காக இல்ல, என்னை நெனச்சு. நான் அவங்க இடத்துல இருந்தா இப்படித்தான் தரையைப் பார்த்திருப்பேனோன்னு.

அப்போ நர்கிஸ் கூட்டத்தை இடிச்சுக்கிட்டு முன்னால வந்தா. என்னைப் பார்க்கவே இல்ல. நேரா மேஜைக்குப் போனா.

"என்னோடதையும் எடுங்க உஸ்தாஸ்."

"உனக்கென்னம்மா வந்துது?"

"எனக்கும் அதே வியாழக்கிழமை வேணும். வேற தேதின்னா வாங்க மாட்டேன்."

"தேதியில என்ன பிடிவாதம்?"

"எனக்கு ராசியான நாள்."

ராகிப் சிரிச்சுட்டாரு. சிரிச்சுக்கிட்டே எழுதினாரு. நர்கிஸ் தாளை வாங்கி மை காய ஊதினா, என் பக்கத்துல வந்து நின்னுக்கிட்டா. "பைத்தியக்காரி"ன்னு என்னைத் திட்டினா, காதோரமா. "இவன் எழுத எழுத மாட்டிக்கிறது யாருன்னு உனக்குப் புரியுதா இல்லையா?" சத்தியமா அது வரைக்கும் எனக்குப் புரியல. கோவத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

மூணாவதா கைப்பகுதி தைக்கிற சஹர் வந்தா. அப்புறம் அக்கா தங்கச்சி ரெண்டு பேர் சேர்ந்தே வந்தாங்க. புருஷனைக் கேக்கணும்னு சொன்னவளும் வந்தா, கேட்டாளா இல்லையான்னு தெரியல. ஒவ்வொருத்தியும் "வியாழக்கிழமை"ன்னு மட்டும் சொன்னா, சந்தையில ஒரு கிலோ மீன் கேக்குற மாதிரி. ராகிப் கடைசியில சிரிப்பை நிறுத்திட்டாரு, ஆனா எழுதுறதை நிறுத்தல. அவர் கையில தாள் இருந்தா உலகமே பயப்படணும், பயப்படலேன்னா அவருக்கு வீம்பு. இருபத்தோராவது தாளுக்குப் பேனாவை எடுக்கும்போது கணக்குப் பிள்ளை குனிஞ்சு காதுல ஏதோ சொன்னான். அதை எழுதி முடிச்சவரு அடுத்தவளைப் பார்க்காமலே பெட்டியை மூடிட்டாரு.

"போதும். எல்லாரும் உள்ள போங்க."

மத்த நாப்பத்திரெண்டு பேரும் போனாங்க. சிலர் எங்களைப் பார்த்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டே போனாங்க. எனக்குக் கோவம் வந்துது, ஆனா சத்தம் போடல. அவங்க வீட்டு அடுப்பை நான் போய் எரிய வைக்கப் போறேனா.

அரசு வக்கீல் வயசுல சின்னவரு. முகத்துல தூக்கமே இல்ல, மேஜை முழுக்க ஃபைல். இருபத்தொரு தாளையும் வாங்கி, இன்ஷிராஹோடதையும் எடுத்து, மேஜையில ஒவ்வொண்ணா பரப்பினாரு. இடம் பத்தாம நாற்காலியிலயும் வச்சாரு. எல்லாத்துலயும் ஒரே தேதி, தேதியை எழுதின கையும் ஒண்ணு, பேனாவும் ஒண்ணு. கம்பெனி போலீஸுக்குக் குடுத்த கடிதத்தைத் தேடி எடுத்தாரு. "அன்னிக்கு ஹால்ல அறுபத்தி மூணு தொழிலாளிகள், ஒரு வெளியாள்னு எழுதியிருக்காங்க"ன்னு தனக்குத்தானே படிச்சாரு.

"இருபத்தொரு பேர் வியாழக்கிழமையே போயாச்சு"ன்னா நர்கிஸ். "அப்போ எங்க மெஷின்ல உட்கார்ந்து தைச்சது ஜின் பூதமா?"

அவர் சிரிக்கல. கிளார்க்கைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக் காவலை எடுக்கச் சொன்னாரு. ராகிப்பைப் பெட்டியோட வரச் சொல்லிக் கடிதம் அனுப்பச் சொன்னாரு. எங்க பக்கம் திரும்பி, "உங்க வேலை திரும்பக் கிடைக்குமான்னு என்னைக் கேக்காதீங்க. அது வேற கோர்ட்டு, வருஷக்கணக்குல போகும்"னாரு. அவ்வளவுதான். கை தட்ட அங்க ஒண்ணும் இல்ல. இருபத்தொரு பேரும் வெளியில வந்து பிளாட்பாரத்துல நின்னோம். வேலை நேரத்துல தெருவுல நிக்கிறது எப்படி இருக்கும்னே எங்களுக்குத் தெரியல. ஒருத்தி குலுங்கிக் குலுங்கி அழுதா, வாடகையை நெனச்சு.

அடுத்த நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போலீஸ்காரன் நாற்காலி காலியா இருந்துது. உட்காரலாமா வேணாமான்னு தயங்கி நின்னேன்.

"உட்காரு அக்கா. போகும்போது அவன் என் தயிரையும் எடுத்துட்டுப் போயிட்டான்"னா இன்ஷிராஹ். நடந்ததை யாரோ ஏற்கெனவே சொல்லியிருக்காங்க. நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லல, நானும் எதிர்பார்க்கல. கொண்டு போன ஆரஞ்சை உரிச்சு ஒவ்வொரு சுளையா வாயில குடுத்தேன். தின்னா.

"எத்தனை பேர்?"

"என்னோட சேர்த்து இருபத்தொண்ணு."

"மீதிப் பேர்?"

"உள்ள தைக்கிறாங்க. அந்தக் கீழ்க் குடோன்ல."

"அயர்ன்ல இப்போ யாரு?"

"நூரா. போன மாசம் கல்யாணம் ஆச்சே, அவ."

"வயரு?"

"அதே வயர்தான். மேலேர்ந்து பிடுங்கி ஒட்டுப் போட்டு இறக்கியிருக்காங்க."

அடுத்த சுளையை நீட்டினேன். வாயைத் திறக்கல. "பின்கதவு?"ன்னா.

நான் சுளையோட நாரை உரிச்சேன். என் முகத்தைப் பார்த்தே தெரிஞ்சுக்கிட்டா. கட்டுப் போட்ட ரெண்டு கையையும் தலையணைமேல தூக்கி வச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் எழுந்தா.

"நாப்பத்திரெண்டு பேர் உள்ள இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே இங்க உட்கார்ந்து எனக்கு ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருக்கியே அக்கா."

"கேட்டுக்குள்ள விடமாட்டாங்கடி. எங்களுக்குத்தான் வேலை இல்லையே."

"எனக்கும்தான் இல்ல. வேலை இல்லாதவங்களை இனிமே என்ன பண்ணிடுவான் அவன்?"

ஆரஞ்சைத் தட்டுல வச்சுட்டுக் கையைத் துடைச்சேன். வராந்தாவுல நின்ன நர்ஸ்கிட்ட போனைக் கேட்டு வாங்கினேன். நர்கிஸ் வீட்டுப் போனுக்கு அடிச்சு, அவ எடுத்ததும், எல்லாரையும் கூட்டிக்கிட்டு மூணு மணிக்குள்ள கேட்டுக்கு வந்துடுன்னு சொன்னேன். எதுக்குன்னு கேட்டா.

"சங்கிலியை அறுக்க"ன்னேன். "வரும்போது இரும்பு அறுக்கிற ரம்பம் ஒண்ணு வாங்கிட்டு வா."